தகட்டுக்கு மேல் ஆறு அங்குலம்

“தலையை ஆட்டாதே, ஆடம்,” என்றான் வெர்ன்.

ஆட்டவில்லை. தானாக ஆடுகிறது. எண்பத்திரண்டு வயசுக் கழுத்து யார் சொல்லையும் கேட்காது, இதை எழுபத்திரண்டு வயசுக்காரனுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா. ஆதிமூலம் வாயை மூடிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திய ஒரு கிழவன். அவனுக்குப் பின்னால் வெர்னின் வயிறும் மார்பும், தலை தெரியாது, அவ்வளவு உயரம், கண்ணாடியின் மேல்விளிம்பு அவனைத் தாடையோடு வெட்டிவிடும். அதற்கும் பின்னால் முடிவெட்டுக் கடையின் ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் செங்கல் சுவர், சுவரில் பித்தளைத் தகடு. கண்ணாடியில் இடம் வலமாகும், வலம் இடமாகும். உயரம் மாறாது. தகடு எப்படிப் பார்த்தாலும் அதே உயரத்தில்தான் இருந்தது, காலை பதினொரு மணி வெயிலில் யாரோ இப்போதுதான் துடைத்துவிட்டுப் போன மாதிரி மின்னிக்கொண்டு. பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினார். மூடினால் கத்திரிச் சத்தம் பெரிசாகக் கேட்டது, காதுக்குள்ளேயே வெட்டுகிற மாதிரி, சரக் சரக், ஒரு நாள் இவன் கை நழுவி காது மடலை எடுக்கப்போகிறான், கை முன்னைப்போல் இல்லை, யாருக்குத்தான் முன்னைப்போல் இருக்கிறது, கண்ணைத் திறந்தார். தகடு. சரி, இருந்துவிட்டுப் போ. நாற்பத்தைந்து வருஷமாக நாலு வாரத்துக்கு ஒரு தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்தத் தெருவைப் பார்த்தாகிவிட்டது, வெர்னுக்கு முன்னால் அவன் அப்பன் வெட்டினான், அவன் பேசவே மாட்டான், அது ஒரு நிம்மதி. ஆதிமூலம் என்ற பெயர் இந்த ஊர் வாயில் நுழையவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் வந்த முதல் வாரமே ஆடம் ஆக்கிவிட்டார்கள். ஆடம் என்றால் திரும்பிப் பார்க்கப் பழகியாயிற்று. மனைவி மயிலாத்தாள் போன பிறகு, நாலு வருஷமாக, முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட பூமியின் இந்தப் பாதியில் ஒருவருமில்லை. அவளும் கூப்பிட்டதில்லைதான். ஏனுங்க என்பாள். ஆனால் அவளுக்குத் தெரியும், அது வேறு.

கால்டர்ஸ் லேண்டிங். ஒஹையோ ஆற்றங்கரை, ஆயிரத்து எண்ணூறு பேர். கால்டர் என்கிற ஒருவன் இங்கே படகு விட்டான், படகுக்குக் காத்திருந்தவர்களுக்குச் சாராயம் விற்றான், குடித்து எழுந்திருக்க முடியாதவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள், அதுதான் ஊர். லோரெய்ன் இதை இப்படிச் சொல்ல மாட்டாள். வரலாற்றுக் கழகத்தின் தலைவி, எண்பத்தெட்டு வயசு, அவள் சொன்னால் கால்டர் கையில் பைபிள் இருக்கும். அப்புறம் பொத்தான் ஆலை. ஆற்றுச் சிப்பியை அள்ளி வந்து வட்டம் வட்டமாகத் துளைத்துச் சட்டைப் பொத்தான் செய்தார்கள்; பிளாஸ்டிக் வந்தது, ஆலை போயிற்று, துளைத்த சிப்பிகள் மட்டும் மண்ணுக்குள் கிடக்கின்றன. எங்கே தோண்டினாலும் வரும். வந்த வருஷம் கத்தரி நடக் குழி எடுத்துவிட்டு மயிலாத்தாள் கை நிறையச் சிப்பியோடு உள்ளே வந்தாள், “ஏனுங்க, இந்த ஊர்ல மண்ணுக்கெல்லாம் ஓட்டை போட்டு வெச்சிருக்கறாங்க.” சிரித்தாள். அப்போது அந்த வீட்டில் சிரிக்கிறதற்கு ஆள் அவள் ஒருத்திதான். அப்புறம் வெள்ளம். முப்பத்தேழு ஜனவரி. ஆறு மேலே வந்து, மேலே வந்து, நிற்காமல் வந்து, முதல் தெரு முழுவதையும் தூக்கிக்கொண்டு போயிற்று, மாதா கோயில் பியானோ நாற்பது மைலுக்குக் கீழே ஒரு மரத்தில் கிடைத்தது என்பார்கள், பொய்யாக இருக்கும், அதைப் பொய் என்று இந்த ஊரில் சொல்லிவிட்டு இருக்க முடியாது. தண்ணீர் வடிந்ததும் எந்த உயரம்வரை வந்தது என்று ஊர் அளவைக்காரன் அளந்து படகுச்சீட்டு ஆபீஸ் சுவரில் தகடு அடித்தான். மற்ற ஊரென்றால் அதோடு விட்டிருக்கும். இவர்கள் விடவில்லை. ஜூன் முதல் சனிக்கிழமை, அந்த வருஷம் பள்ளி முடித்த பிள்ளைகள் காலணியைக் கழற்றிவிட்டுத் தகட்டுக்கு அடியில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். தலை தகட்டைத் தாண்டினால் வெள்ளத்துக்கு மேலே. தாண்டினவன் பழைய படகுத்துறை மணியை அடிக்கலாம், அவன் பெயர் பலகையில் ஏறும். தாண்டாதவன் முழுகினவன், அவன் தலையில் ஒரு வாளி ஆற்றுத் தண்ணீர். செத்தவர்களை வைத்து விளையாடுகிறார்களே என்று முதல் வருஷம் பார்த்தபோது அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. முதல் நாற்பத்தைந்து வருஷம் ஒருத்தன்கூடத் தாண்டவில்லை, மணி துருப்பிடித்தது. அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருஷத்தில் பத்தொன்பது பேர். ஏன் என்று ஒருவர் கேட்டாரா. பால் நல்ல பால் என்றார்கள். பாஸ்கட்பால் என்றார்கள். நடைபாதையை உசத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வந்தது, அதையே எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். நடைபாதையை யாரும் உசத்தவில்லை.

வாசல் மணி கிணுகிணுக்க, கடைக் கதவு திறந்தது. ரஸ்ஸல். ஊர்ச் சாலை, ஊர்ச் சாக்கடை எல்லாம் இவன் கான்ட்ராக்ட். நாற்பத்தைந்து வயசு, தொப்பியைக் கழற்றாமல் பேசுவான்.

“மிஸ்டர் ஆடம், நல்ல வேளை, இங்கேயே இருக்கீங்க. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.”

“ம்.”

“வரலாற்றுக் கழகத்தோட புது ஆவண அறைத் தரை. ஷட்டரிங் பலகை எல்லாம் நிறுத்திட்டேன். தகட்டுக்கு மேலே ஆறு அங்குலம், லேசர் வெச்சு ரெண்டு தடவை பார்த்தாச்சு. கான்கிரீட் லாரி கிளம்பிடுச்சு, அரை மணி நேரம். உங்க கையெழுத்து ஒண்ணு வாங்கிட்டு ஊத்தச் சொன்னாங்க லோரெய்ன்.”

“எதுக்கு என் கையெழுத்து?”

“தகடு உங்களுதாச்சே.” ரஸ்ஸல் சிரித்தான். “சும்மா ஒரு மரியாதைக்கு. கட்டடத்து வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டப் போறாங்களாம்.”

வெர்ன் கத்திரியை நிறுத்தாமல் சொன்னான்: “அவன் கை ரெண்டும் துணிக்குள்ளே இருக்கு. முடியெல்லாம் காகிதத்திலே கொட்டும். உக்காரு. முடிச்சதும் போடுவான்.”

“இருக்கிற முடிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?”

“முடி இல்லாதவனுக்குத்தான் நேரமாகும். தேடணும்ல.”

ரஸ்ஸல் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து காகித அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டான். ஆதிமூலம் சிரிக்கவில்லை. துணிக்குள் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அரை மணி நேரம். லாரி கிளம்பிவிட்டது. லாரி கிளம்பினால் கிளம்பினதுதான், கான்கிரீட் வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டே வரும், ஊற்றியாக வேண்டும், ஊற்றினால் கல். ஆறு அங்குலம். ஏழில் ஆறு போனால் ஒன்று. இந்தக் கழித்தலை அவர் மூன்று வாரமாகச் செய்கிறார், பல் விளக்கும்போது, குழாயில் தண்ணீர் ஓடும்போது, ஏழில் ஆறு போனால் ஒன்று, எத்தனை தடவை செய்தாலும் ஒன்றுதான் வருகிறது. முப்பத்தேழு மாதிரி ஒன்று மறுபடி வந்தால் அந்த அறைக்குள் ஒரு அங்குலத் தண்ணீர். ஒரு அங்குலம் என்ன செய்யும்? அடித்தட்டை நனைக்கும். மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகள் அடித்தட்டில்தான் வைக்கப்போகிறார்கள், கனம் என்பதால்; போட்டோப் பெட்டிகளும். ஊரே வெள்ளத்தில் போனபோது ஒரு பாதிரி இடுப்பளவு தண்ணீரில் தலைமேல் வைத்துத் தூக்கி வந்த பதிவேடுகள். வராது. அந்த மாதிரி வெள்ளம் இனி வராது, மேலே எத்தனை அணை, அவரே இருபத்தெட்டு வருஷம் அதில்தானே வேலை பார்த்தார், வராது. வராது என்று எந்த இன்ஜினியர் சொல்வான்? வந்தால்? வந்தால் நான் இருக்க மாட்டேன். ஆமாம், நீ இருக்க மாட்டாய், நல்ல பதில், போய்ச் சேர்ந்த பிறகு யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள், கண்ணாடி போட்ட கையெழுத்தும் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருக்கும். வெர்ன் தாடையைப் பிடித்துத் தலையை இடப்பக்கம் திருப்பினான். விரலில் டால்கம் வாசனை. இடப்பக்கம் திரும்பினால் தகடு தெரியவில்லை, சுவரில் நாட்காட்டி, ஏதோ விதைக் கம்பெனி, மக்காச்சோளம். நல்லது. மக்காச்சோளத்தைப் பார்.

எண்பத்து மூன்றில் படகுச்சீட்டு ஆபீஸ் சரிந்து விழுந்தது. அடுத்த வருஷம் அதே செங்கல்லை வைத்து அதே இடத்தில் ஒரு சுவர் மட்டும் எழுப்பினார்கள், தகடு மாட்டுவதற்காகவே ஒரு சுவர், இந்த ஊரைத் தவிர எவன் செய்வான். லோரெய்ன் வீட்டுக்கே வந்தாள். இங்கே உயரம் அளக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தானே, என்றாள். ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டுக் கதவை வேலையாகத் தட்டிய முதல் ஆள். அதற்கு முன்னால் தட்டியதெல்லாம் முகவரி தவறி வந்தவர்கள். ஆதிமூலம் அன்று ராத்திரி தூங்கவில்லை, இப்போது நினைத்தால் வெட்கம், நாற்பத்தோரு வயசு ஆள், ஒரு தகடு மாட்டக் கூப்பிட்டார்கள் என்று. சனிக்கிழமை லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார். அளவுக்கோலைப் பிடிக்க ஆள் வேண்டுமே, மயிலாத்தாள் பிடித்தாள். கரும்பச்சைச் சேலை, மேலே ஸ்வெட்டர், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான கோலை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள், கோயில் கொடிமரத்தைக் காவல் காக்கிறவள் மாதிரி. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஆட்டாதே என்று கத்தினார் அவர். “நான் ஆட்டலீங்க, காத்துதானுங்க ஆட்டுது.” கருவிக்குள் அவள் தலைகீழாகத் தெரிந்தாள், அந்தக் காலத்துக் கருவி, எல்லாம் தலைகீழ். சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததில்தான் கணக்கு போயிற்றா? இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டால் நன்றாக இருக்கும், அப்படி இல்லை. தப்பு வீட்டிலேயே நடந்தது, ராத்திரி, மேசைமேல். அவர் வேலை பார்த்த ஆற்று ஆபீஸுக்கு ஒரு பூஜ்யம் உண்டு, பழைய பூஜ்யம், அதிலிருந்துதான் அவர்கள் உயரத்தை எண்ணுவார்கள். கடல்மட்டத்திலிருந்து எண்ணுவது வேறு பூஜ்யம். இந்த ஊரில் இரண்டுக்கும் நடுவே ஏழு அங்குலம். முப்பத்தேழில் ஊர் அளவைக்காரன் எழுதி வைத்தது கடல் கணக்கு. ஆதிமூலத்தின் நோட்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் இருந்தன, அவர் கையெழுத்து, அழகான கையெழுத்து, தினம் ஆபீஸில் பார்க்கிற பத்தியையே கண் எடுத்துக்கொண்டது. பழக்கம். கை சோற்றுக்குப் போகிற மாதிரி. முதல் வருஷ மாணவன் செய்யமாட்டான், அவனுக்குப் பயம் இருக்கும், பத்து வருஷம் வேலை பார்த்தவன்தான் செய்வான். ஏழு அங்குலம் கீழே. தகட்டுக்கு அடியில் சின்ன எழுத்தில் வெட்டினார்கள்: மறுபடி பொருத்தியது ஆடம் மூலம். பெயரை இரண்டாக ஒடித்துவிட்டார்கள், பரவாயில்லை என்றார். மயிலாத்தாள் கடைக்குப் போகும்போதெல்லாம் முந்தானையால் அதை ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் வருவாள். நாம வெச்ச தகடு.

தெரிந்தது ஆறு வருஷம் கழித்து. தொண்ணூறு, மே மாசம். ஆபீஸில் பழைய அளவைக் காகிதங்களைக் கட்டி அனுப்புகிற வேலை, பழைய நோட்டைப் புரட்டினார், கண் அந்தப் பக்கத்தில் நின்றது. ஏதோ உறுத்தியது. மறுபடி பார்த்தார். இரண்டு பத்தியிலும் விரலை வைத்துக் கழித்துப் பார்த்தார்: ஏழு. அந்த ஏழு இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறது, இந்தத் துணிக்கு அடியில், தொட்டுக் காட்டலாம். அன்று சாயங்காலமே லோரெய்ன் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். காரில் ஏறினார், சாவியைப் போட்டார். வீட்டுக்கு வந்தார். சமையலறைக் கதவு நிலையில் முதுகை ஒட்டி நெடுமாறன் நின்றுகொண்டிருந்தான், பதினெட்டு வயசு, அம்மா நாற்காலிமேல் ஏறித் தலைக்குமேல் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஆறடி மூணு அங்குலம். நெடுமாறன் என்று பெயர் வைத்தது மாமனார், ஈரோட்டில் கட்சிக்காரர், பெயருக்கேற்ற மாதிரி பையன் வளர்ந்துகொண்டே போனான். பள்ளியில் அவனை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவன் வீட்டில் சொன்னதில்லை. மத்தியானச் சாப்பாட்டை நாலு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து தின்றான், அதுகூட நூலகக்காரி சொல்லித்தான் தெரியும். அப்பாவிடம் ஆறு மாசமாகப் பேச்சு இல்லை, என்ன சண்டை என்று இப்போது நினைவில்லை, சண்டை இருந்தது நினைவிருக்கிறது. அவன் திரும்பி, “அப்பா, ஒரு அங்குலம் தாண்டுவேன்,” என்றான். சிரித்தான். பல் தெரிய. ஆதிமூலம் காலணியைக் கழற்றினார். சரி, சனிக்கிழமை போகட்டும். திங்கட்கிழமை சொல்லிவிடலாம். மூன்று வாரம் அப்படிப் போயிற்று. சனிக்கிழமை வந்தது. பையன் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் ஒட்டி நின்றான், லோரெய்ன் மரக்கட்டையைத் தலையில் வைத்துப் பார்த்துக் கையைத் தூக்கினாள், ஊரே கத்தியது, நெட், நெட், நெட் என்று, அவனை அதுவரை பெயர் சொல்லியே கூப்பிடாதவர்கள். அவன் மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடித்தான், அடித்தான், போதும் என்கிற வரைக்கும் அடித்தான். மயிலாத்தாள் அழுதாள். யாரோ ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள், பிறகு இன்னொருத்தி. அடுத்த வாரம் இரண்டு வீட்டிலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை வந்தது. அதற்குப் பிறகு எத்தனை திங்கட்கிழமை, எண்ணினால் ஆயிரத்து எண்ணூறு இருக்கும், ஊர் ஜனத்தொகைக்கு ஆளுக்கொன்று. முதல் தப்பு கண் செய்தது. மன்னிக்கலாம். இரண்டாவது?

“உங்க பையன் எப்படி இருக்கான்?” என்றான் ரஸ்ஸல், காத்திருக்கிற அலுப்பில்.

“டென்வர்ல. இருக்கான்.”

“நெட் மணியடிச்சப்ப நான் பத்து வயசு. என்னமா அடிச்சான்! அதைப் பார்த்துத்தான் நானும் தாண்டணும்னு நெனச்சேன்.”

ரஸ்ஸலும் தாண்டினவன். தொண்ணூற்றெட்டு. ஆறடி இரண்டரை. பலகையில் ஒன்பதாவது பெயர். ஆதிமூலத்துக்குப் பத்தொன்பதும் மனப்பாடம், எந்த வருஷம், எத்தனை அங்குலம். அதில் நெடுமாறனுக்கு எழுதினது நெட் மூலம். அந்தப் பலகையில் இந்த ஊரார் தங்கள் கையால் பெயின்ட் அடித்து எழுதிய பெயர், அந்தக் குடும்பத்தின் பெயர், தகட்டை விட்டால் அது ஒன்றுதான் இங்கே இருக்கிறது. மயிலாத்தாளின் பெயர் எங்கேயும் இல்லை. வீடும் விற்றால் போயிற்று. பையன் மாசம் ஒரு ஞாயிறு பேசுவான், ஐந்து நிமிஷம், உடம்பு எப்படி, மருந்து சாப்பிட்டீர்களா. மணியடிக்கிற போட்டோ அவன் ஆபீஸ் சுவரில் இருக்கிறதாம், அதை மயிலாத்தாளிடம்தான் சொல்லியிருக்கிறான். ஐம்பத்து மூன்று வயசு ஆளிடம் போய், நீ தாண்டவில்லையடா, உன் அப்பன் கோட்டைக் கீழே வைத்தான், என்று சொல்வதா. பதிவேடு முக்கியமா, பையன் முக்கியமா. செத்தவர்களின் பெயர்கள் ஒரு தட்டில், இருக்கிறவனின் பெயர் ஒரு தட்டில். வேறு வழி இருக்கும். தகட்டை மாற்றாமல் பதிவேட்டை மேல்தட்டில் வைக்கச் சொல்லலாம். கனம் என்பாள் லோரெய்ன். அல்லது தரையை மட்டும் உயர்த்தச் சொல்லலாம், காரணம் கேட்டால் பருவநிலை மாற்றம், இப்போது எல்லாவற்றுக்கும் அதைச் சொல்கிறார்கள், யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை, பதிமூன்று அங்குலம் வைத்துக்கொள் ரஸ்ஸல், பருவநிலை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு சுலபம். ஒரு பொய்யை நிற்க வைக்க இன்னொரு பொய்யை முட்டுக் கொடுப்பது, அதற்கும் கையெழுத்து, அதற்கும் கண்ணாடி. தூ. வெர்ன் பின்கழுத்தில் நுரை தடவினான், சூடு, பிறகு சவரக்கத்தியின் தட்டையான பக்கம், சில்லென்று. இந்த இடத்தில் அவர் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். சரீரம் எத்தனை நாள் பழகினாலும் கத்தி கழுத்தில் பட்டால் சாவை நினைத்துக்கொள்கிறது. ஒருவேளை இப்போதே, இந்த நாற்காலியிலேயே போய்விட்டால்? துணியோடு தூக்குவார்கள். நல்ல மனுஷன் என்பார்கள். நம் தகட்டை வைத்தவர். அடக்கத்துக்கு ஊரே வரும், மயிலாத்தாளுக்கு வந்த மாதிரி, தட்டு தட்டாகச் சாப்பாடு வரும், சாப்பிட ஆள் இருக்காது. அந்தக் கூட்டம் யாருக்காக வரும்? தகட்டுக்காக. அவருக்காக அல்ல. அவரை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஏழு அங்குலம் தப்பான ஒரு ஆள். கத்தி வழித்துக்கொண்டு இறங்கிற்று. வெர்ன் துணியால் ஒற்றினான். கொக்கியை அவிழ்க்கக் கை கழுத்துக்குப் போயிற்று. துணி எடுத்தால் கை வெளியே வந்துவிடும்.

“பதிமூணு,” என்றார் ஆதிமூலம்.

“என்ன பதிமூணு?” என்றான் ரஸ்ஸல்.

“அங்குலம். ஆறு இல்லை. தகட்டுக்கு மேலே பதிமூணு ஏத்து.”

“மிஸ்டர் ஆடம், லாரி வந்துக்கிட்டிருக்கு.”

“தெரியும். நிறுத்து.”

“ஏன்?”

“தகடு தப்பு. ஏழு அங்குலம் கீழே இருக்கு.”

“யார் சொன்னது?”

“வெச்சவன் சொல்றேன். போதாதா?”

ரஸ்ஸல் எழுந்தான். அட்டை தொடையிலிருந்து நழுவித் தரையில் முடிக்குமேல் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. ஜன்னல் வழியே சுவரைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான், பெரிய உருவம், முகம் மட்டும் பள்ளிக்கூடப் பையனுடையதாகிவிட்டது.

“அப்ப நான்?”

“நீ முழுகினவன்.”

“எங்கப்பா அன்னிக்குத் தெருவிலே எல்லாருக்கும் பீர் வாங்கிக் குடுத்தார்.”

ஆதிமூலம் தெருப்பக்கம் தாடையைக் காட்டினார். “லாரி,” என்றார். ரஸ்ஸல் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான், கதவு மணி அடித்தது, ஜன்னலுக்கு அப்பால் கையை வீசிவீசி யாரிடமோ கத்துவது தெரிந்தது, சத்தம் உள்ளே வரவில்லை.

வெர்ன் கத்தியைக் கழுவினான். துடைத்தான். மடித்து வைத்தான். இவ்வளவு மெதுவாக இவன் எதையும் செய்து பார்த்ததில்லை.

“ஏழா?” என்றான்.

“ஏழு.”

“நான் ஆறரைன்னு நெனச்சேன்.”

ஆதிமூலம் கண்ணாடியில் அவன் முகத்தைத் தேடினார். தாடைவரைதான் இருந்தது. நாற்காலியைத் திருப்பப் பார்த்தார், கால் எட்டவில்லை. வெர்னே குனிந்து முகத்தைக் கொண்டுவந்தான். “எழுபத்தொண்ணிலே நான் நின்னேன், ஆடம். ஆறடி அஞ்சு. இந்த மாவட்டத்திலேயே என்னைவிட உசரமானவன் இல்லை. நாலு அங்குலம் குறைஞ்சுது, வாளியைக் கவுத்தாங்க, பல்லெல்லாம் சேறு. நீ தகடு மாட்டின மறுநாள் காலையிலே, கடை திறக்கிறதுக்கு முன்னாடி போய் நின்னு பார்த்தேன். தலைமேலே கையை வெச்சா தகடு கீழே இருக்குது. நடைபாதையை உசத்திட்டாங்கன்னு சொன்னானுங்க. என் வாசப்படி அப்பவும் ஒரு படிதான், இப்பவும் ஒரு படிதான். உசத்தியிருந்தா எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் சும்மா இருந்தியா? நாப்பத்தோரு வருஷமா?”

“என்ன சொல்றது? நீ வந்ததிலிருந்து முதல் தடவையா உன்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருந்தோம். உன் சம்சாரம் அந்தக் கோலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. மறுநாளே வந்து தப்புன்னா? வேற எவனாவது வெச்சிருந்தா தெருவிலே நின்னு கத்தியிருப்பேன். எங்கப்பன் வெச்சிருந்தா கடப்பாரையோட போயிருப்பேன்.” நிறுத்தினான். “நீ வெச்சே. எப்படிக் கத்துறது?”

அதுதானா. கோபம் வர வேண்டும், வரவில்லை, அது வருகிற வழியில் வேறு என்னவோ உட்கார்ந்திருந்தது. நம்பினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நம்பவில்லை. மரியாதை. விருந்தாளி தட்டைக் கீழே போட்டு உடைத்தால் வீட்டுக்காரர் பரவாயில்லை பரவாயில்லை என்பார், தன் பிள்ளை உடைத்தால் முதுகில் ஒன்று வைப்பார். ஐம்பது வருஷமாக ஒரு அடி விழவில்லை. அவரும் அதை அன்பு என்று எண்ணிக்கொண்டு நாலு வாரத்துக்கு ஒரு தடவை வந்து இந்த நாற்காலியில் கழுத்தைக் கொடுத்திருக்கிறார். இவன் இதே இடத்தில் நின்றிருக்கிறான், தலைக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில், அதையே நினைத்துக்கொண்டு. இரண்டு பேரும் வானிலை பேசினார்கள்.

“கோபம் இல்லையா உனக்கு?”

“இல்லாமே? உன் பையன் மணியடிச்ச அன்னிக்குக் கடையைச் சாத்திட்டுப் போயிட்டேன். அப்புறம் ரெண்டு மூணு மாசம் உன் கிருதாவைக் கோணலா வெட்டினேன். நீ கவனிக்கலை.”

“கவனிச்சேன். கண்ணு போச்சுன்னு நெனச்சேன், உனக்கு.”

வெர்ன் சிரித்தான், மூக்கால், அரைச் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. “உன் பையன்கிட்டே சொல்லிட்டியா?”

“இல்லை.”

“லோரெய்னுக்கு இன்னும் பத்து நிமிஷத்திலே தெரிஞ்சுடும். அவளுக்குத் தெரிஞ்சா டென்வருக்குத் தெரிய ஒரு மணி நேரம்.” துணியின் கொக்கியை அவிழ்த்தான். “முட்டாள்தனமா உக்காந்திருக்காதே, ஆடம். போனை எடு.”

முட்டாள். அந்த வார்த்தை விழுந்ததும் ஆதிமூலம் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். வெர்ன் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டான். மடியிலிருந்து வெள்ளை முடி உதிர்ந்து விழ, கோட்டுப் பையில் கையை விட்டுப் போனை எடுத்தார். இன்று ஞாயிறு இல்லை, வியாழன், வேலை நேரம், அவன் எடுக்க மாட்டான். அவன் அந்தப் போட்டோவுக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். அடித்தது. அடித்தது. ஐந்தாவது தடவைக்கு நெடுமாறனின் குரல் இங்கிலீஷில் நான் இப்போது இல்லை, செய்தி சொல்லுங்கள் என்றது, அந்நிய ஆளிடம் பேசுகிற நல்ல குரல். வைத்துவிடலாம். சாயங்காலம் கூப்பிடலாம். திங்கட்கிழமை கூப்பிடலாம். பீப் சத்தம் வந்தது.

“நெடு. அப்பா பேசறேன்.” இந்தக் கடையில் தமிழில் பேசுவது இதுதான் முதல் தடவை. துடைப்பச் சத்தம் நின்றது, மறுபடி தொடங்கிற்று, இன்னும் மெதுவாக. “உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்லை. அந்தத் தகடு இருக்குதில்ல, அதை நான் ஏழு அங்குலம் கீழே வெச்சுட்டேன். தப்பு என்னோடது. நீ அன்னிக்குத் தாண்டலை. யாரும் தாண்டலை. எனக்கு அந்த மே மாசமே தெரியும், நீ கதவுல அளந்துக்கிட்டு நின்ன பாரு, அன்னிக்கு. சொல்லியிருக்கணும். சொல்லலை. வேற யாராவது சொல்றதுக்கு முன்னால நான் சொல்லணும்.” அவ்வளவுதான். சொல்ல வேண்டியது முடிந்தது. போனைக் காதிலிருந்து எடுக்கக் கை வரவில்லை. அந்தப் பக்கம் ஒன்றுமில்லாததன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அவர் மூச்சு அதற்குள் பதிவாகிக்கொண்டிருந்தது, பையன் பிறகு இதையும் கேட்பான், அப்பா மூச்சு விடுகிறார் என்று. தெருவில் ரஸ்ஸல் பேசி முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“உங்கம்மாவுக்குத் தெரியாது,” என்றார் ஆதிமூலம்.